இரட்டை வேகம்

வெள்ளிக்கிழமை. ரூவி.
பூசை முடிந்து வந்து
செருப்பைக் கழற்றும்போதே
போனில் ஏழு குரல் பதிவுகள்.
இங்கே அந்தப் பச்சைச் செயலியில்
அழைப்பு இணையாது.
அதனால் என் வீட்டார்
சண்டையைத் துண்டுதுண்டாக அனுப்புவார்கள்.

எல்லாவற்றையும் நான் இரட்டை வேகத்தில் கேட்பேன்.
அப்படிக் கேட்டால்
அம்மாவின் அழுகை அணில் கத்துவதுபோல் இருக்கும்.
அண்ணன் மிக்கேல்
கடற்கரையில் சீலா மீனுக்கு
ஏலம் கூறுகிறவன் ஆகிவிடுவான்.

“ரெண்டோட நிப்பாட்டிட்டா எப்படி?
நாம அளவாப் பெத்தோம்,
வடக்க அள்ளிப் பெத்துட்டானுவ.
தலைய எண்ணித்தான் டெல்லியில நாற்காலி.
மூணு வேணும், நாலு வேணும்...”
ஏலம் ஏறிக்கொண்டே போகிறது.
கூடையில் கிடப்பது என் கருப்பை.

இதே மிக்கேல்தான்
நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில்
ஆஸ்பத்திரிச் சுவரின் சிவப்பு முக்கோணத்துக்கு
வெள்ளையடித்து
கட்சிச் சின்னம் வரைந்தவன்.
சுண்ணாம்பு பத்தாமல்
‘நமக்கிருவர்’ பாதி மறைந்து
‘நமக்கி’ மட்டும் பல வருஷம் நின்றது.

அம்மாவுக்குக் கட்சி கிடையாது.
“காப்பர் டி வச்சவ நன்மை வாங்கலாமான்னு
ஃபாதர்ட்ட கேட்டேன்.
உம்பேரச் சொல்லல.”
மஸ்கட்டில் மகள் இருப்பது
அந்தப் பங்கில் அவளுக்கு மட்டும்தான்.

ரெஜிஸ் அடுக்களையில் என் பக்கம்.
“உன் உடம்பு, உன் இஷ்டம்” என்பான்
வெங்காயம் உரித்தபடி.
மச்சான் கேட்டால் மட்டும்
“எல்லாம் ஆண்டவர் சித்தம் மச்சான்.”

சின்னவள் பிறந்த அன்று
ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியபோது
யாருடைய சித்தம்
அவனிடம் கையெழுத்துக் கேட்டு நின்றது?
ஓமானி நர்ஸ் ஒருத்தி என் கன்னத்தைத் தட்டித் தட்டி
“தூங்காதே, தூங்காதே” என்றாள், இந்தியில்.
அது ஒன்றுதான் நினைவிருக்கிறது.
மிக்கேல் அன்று அனுப்பியது
கைகூப்பிய பொம்மைப் படம் ஒன்று.

சனிக்கிழமையும் கடை உண்டு.
வாதி கபீரில் நான் மருந்தாளுநர்.
ஏழேழாய் நாலு வரிசை மாத்திரை,
கடைசி ஏழு வெறும் சர்க்கரை.
பலூச்சிக்காரர் ஒருவர் போனில்
அட்டையின் படத்தைக் காட்டுவார், வாய் திறக்க மாட்டார்.
“பதிவுள்ளது” என்பார் ஒரு மலையாள டீச்சர்.
யார் யாரைக் கேட்டுவிட்டு வந்தார்களோ,
நான் கேட்பதில்லை.

அன்று வந்தது பிரஸ்கில்லா அக்கா.
எங்கள் ஜெபக் கூட்டத் தலைவி.
போன மாதம்தான் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து
பிள்ளைச் செல்வத்தைப் பற்றி
ஒரு மணி நேரம் பேசி, டீ குடித்துப் போனவர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“என் தங்கச்சிக்கு” என்றார்.
அவருக்குத் தங்கச்சி இல்லை.

காக்கிக் கவரில் போட்டு
மேலே ஒரு வைட்டமின் டப்பாவை வைத்து
மடித்துக் கொடுத்தேன்.
“தினம் ஒரே நேரத்துல போடணும்,
தங்கச்சிட்ட சொல்லுங்கக்கா.”
தலையாட்டினார்.
மீதி நூறு பைசாவை
என் கண்ணைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்.

வீடு வரும்வரை வயிறு எரிந்தது.
யார் கேட்டார்கள் அந்த வைட்டமினை?
என் கை தானாகவே அல்லவா
அலமாரிக்குப் போனது.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
மிக்கேலுக்குப் பதில் பேசினேன்.
நாலு நிமிஷம் பதினோரு நொடி.
நூற்றெண்பது, பள்ளிக் கட்டணம், விசாக் காசு,
நன்மை, நாற்காலி, அந்தச் சுவர்,
எல்லாவற்றையும் கொட்டி
அனுப்பியும்விட்டேன்.
பிறகுதான் கேட்டேன்,
பழக்க தோஷத்தில் இரட்டை வேகத்தில்.

நானும் ஏலம்தான் கூறியிருந்தேன்.
ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

ஒற்றைக் குறிதான் விழுந்திருக்கிறது.
அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும்.
அழிக்க இன்னும் நேரம் இருக்கிறது.
கட்டைவிரலை அதன்மேல் வைத்தபடி
வாளி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

கதவைத் தட்டுகிறாள் சின்னவள்,
“அம்மா, ஒண்ணுக்கு.”